வரமா? வாய்ப்பா?

ஏடுகளைப் புரட்டுங்கள். ஆண்டுக்கு ஒரு முறையேனும் அந்தப் படம் கண்ணில் படும். பால் மணம் மாறாத முகம், தோளிலே பொன்னாடை, கையிலே சான்றிதழ், ஒரு புறம் பூரித்து நிற்கும் தந்தை, மறு புறம் கண் கலங்கி நிற்கும் தாய். மற்றப் பிள்ளைகள் பம்பரம் விடும் பருவத்திலே பல்கலைக்கழகம் புகுந்துவிட்டான் இந்தப் பாலகன் என்று செய்தி. மயிலையிலே மகிழ்ச்சி! தியாகராய நகரிலே திகைப்பு! அடையாற்றிலே ஆரவாரம்!

ஆரவாரம் அடங்குமுன் விளக்கம் வந்துவிடுகிறது. பூர்வ ஜென்ம வாசனை என்பார் ஒருவர். கலைமகள் கடாட்சம் என்பார் இன்னொருவர். ஜாதகக் கட்டத்திலே புதன் உச்சத்தில் நிற்கிறான் என்பார் சோதிடர். இவையெல்லாம் பழைய பேச்சு என்று ஒதுக்கும் படித்த பெரியவர், மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, "பரம்பரை ஐயா, ரத்தத்திலே வருவது" என்பார்.

நாம் அந்தக் குழந்தையை வாழ்த்துகிறோம். அறிவு எந்த வீட்டில் சுடர் விட்டாலும் அது நாட்டுக்கு வெளிச்சம். நமது வழக்கு குழந்தையோடு அல்ல, விளக்கத்தோடு. ஏனெனில் அந்த விளக்கம் ஒரு குழந்தையைப் புகழ்வதோடு நிற்பதில்லை. புகழப்படாத கோடிக் குழந்தைகளைப் பார்த்து, "உனக்கு வரம் இல்லை, உன் ரத்தத்தில் இல்லை, உன் தலையில் எழுதவில்லை" என்று தீர்ப்பும் சொல்லிவிடுகிறது. அந்தத் தீர்ப்பை எதிர்த்தே இந்த மேல்முறையீடு.

மயிலையின் கதை

ஞானக் குழந்தை என்ற எண்ணம் நம் நாட்டுக்குப் புதிதல்ல. சீர்காழிக் குளக்கரையில் 3 வயதுக் குழந்தை அழுததாம். அம்மை வந்து ஞானப்பால் ஊட்டினாளாம். அந்தக் கணமே குழந்தை பாடத் தொடங்கியதாம். பள்ளி வேண்டாம், பாடம் வேண்டாம், ஆசிரியர் வேண்டாம். ஒரு கிண்ணப் பால் போதும், அறிவு வந்துவிடும்!

அந்தக் குழந்தை, சம்பந்தர், மயிலைக்கும் வந்தாராம். சிவநேசச் செட்டியாரின் மகள் பூம்பாவை பாம்பு தீண்டி இறந்துபோக, எலும்பையும் சாம்பலையும் குடத்தில் இட்டுத் தந்தை காத்திருந்தாராம். சம்பந்தர் பாடினாராம், குடம் உடைந்து பெண் உயிரோடு எழுந்தாளாம். கபாலீசுவரர் கோயிலில் பூம்பாவைக்குச் சந்நிதி உண்டு. பங்குனிப் பெருவிழாவிலே இந்த நிகழ்ச்சியை இன்றும் நடத்திக் காட்டுகின்றனர். மாட வீதிகள் நான்கும் மக்கள் வெள்ளத்தால் நிரம்புகின்றன.

கதை கேட்பதற்கு இனிது. ஆனால் நாம் ஒரு கணக்குக் கேட்கிறோம். சாம்பலான பெண்ணுக்கு உயிர் தந்த கதையை ஆண்டுதோறும் கொண்டாடிய ஊரிலே, உயிரோடிருந்த பெண்களைச் சாம்பலாக்கிய வழக்கத்தை எவர் தடுத்தார்? தலையை மழித்து, வண்ணத்தைப் பறித்து, மூலையிலே முடக்கி வைக்கப்பட்டனரே கைம்பெண் சிறுமியர், அவர்களுக்காக எந்தக் குடம் உடைந்தது? எந்தப் பாட்டு ஒலித்தது?

கதையை விட்டு வரலாற்றுக்கு வருவோம். வரலாறு பால் கிண்ணத்தைக் காட்டாது, கதவைக் காட்டும். எவருக்குத் திறந்தது, எவருக்கு அடைத்தது என்பதைக் காட்டும்.

நான்கு குழந்தைகள்

சென்னை மாகாணத்திலே மூன்று ஆண்டுகளுக்குள் நான்கு குழந்தைகள் பிறந்தனர். 1886 சூலையில் முத்துலட்சுமி. அதே ஆண்டு ஆகஸ்டில் சுப்புலட்சுமி. 1887 டிசம்பரில் இராமானுசன். 1888 நவம்பரில் இராமன். நால்வரும் பின்னாளில் உலகறிந்த பெயர் பெற்றனர். நால்வரும் பிறவியிலேயே கூர்த்த மதியினர் என்பதில் எவருக்கும் ஐயமில்லை. 11 வயதை ஒட்டிய பருவத்திலே இந்த நால்வருக்கும் என்ன நேர்ந்தது என்று பாருங்கள்.

முதலில் இராமனை எடுத்துக்கொள்வோம், சர்.சி.வி. இராமன் என்று உலகம் போற்றியவர். விசாகப்பட்டினத்தில் வளர்ந்தார். தந்தை அங்குள்ள கல்லூரியிலே கணிதமும் இயற்பியலும் கற்பித்த ஆசிரியர். வீட்டிலே நூல்கள், உணவு வேளையிலே அறிவியல் பேச்சு. 11 வயதில் மெட்ரிகுலேஷன் தேறினார். 1902-இல் சென்னை மாநிலக் கல்லூரிக்கு வந்தார். 1904-இல் இளங்கலைத் தேர்வில் முதலிடம், இயற்பியலில் தங்கப் பதக்கம்; 16 வயது கூட நிரம்பவில்லை. 1907-இல் முதுகலை. மாணவராக இருந்த காலத்திலேயே, 1906-இல், இலண்டன் ஆய்விதழ் ஒன்றில் அவரது கட்டுரை வெளிவந்தது. 1930-இல் நோபல் பரிசு. பெருமைக்குரிய வரலாறு, நாமும் பெருமை கொள்கிறோம்.

இப்பொழுது சுப்புலட்சுமி. மயிலாப்பூரில் பிறந்த பெண். தந்தை பொதுப்பணித் துறையிலே பணியாற்றியவர், படித்தவர். 9 வயதில் நான்காம் வகுப்புப் பொதுத் தேர்விலே செங்கற்பட்டு மாவட்டத்தில் முதலிடம் பெற்றாள் அந்தச் சிறுமி. இராமனுக்கு எவ்வகையிலும் இளைத்தவளல்லள். ஆனால் 11 வயதில் இராமனுக்குக் கிடைத்தது மெட்ரிகுலேஷன் சான்றிதழ். 11 வயதில் சுப்புலட்சுமிக்குக் கிடைத்தது தாலி. விரைவிலேயே அதுவும் போயிற்று, கணவன் இறந்தான். விவரம் அறியாத சிறுமி, "விதவை" ஆனாள்.

ஒரே காலம். ஒரே மாகாணம். ஒரே சாதி. ஒரே வயது. ஒருவனுக்குக் கல்லூரிக் கதவு, ஒருத்திக்கு மூலை. இந்த வேறுபாட்டை எந்தப் பூர்வ ஜென்மம் செய்தது? எந்தப் புதன் செய்தான்? சாத்திரம் செய்தது! சம்பிரதாயம் செய்தது!

சுப்புலட்சுமியின் பெற்றோர் மட்டும் துணிந்தனர். ஊரின் வசையைத் தாங்கிக்கொண்டு மகளைப் படிக்க வைத்தனர். எழும்பூரிலே கிறித்தவக் கன்னியர் நடத்திய பள்ளி கதவைத் திறந்தது. 1911-இல் மாநிலக் கல்லூரியிலிருந்து பட்டம் பெற்றார். சென்னை மாகாணத்தில் பட்டம் பெற்ற முதல் இந்துக் கைம்பெண் அவரே. அப்பொழுது வயது 24. இராமன் 16 நிரம்புமுன் ஏறிய அதே கல்லூரியின் அதே படியை, அவர் 24-இல் ஏற வேண்டியிருந்தது. இடைப்பட்ட ஆண்டுகளைத் தின்றது எது? மந்த புத்தியா? இல்லை, மனு நீதி!

அவர் தம் கதவு திறந்ததோடு அமையவில்லை. கைம்பெண் சிறுமியரைத் திரட்டிச் சாரதா இல்லம் அமைத்தார். கடற்கரையோரத்து ஐஸ் ஹவுஸ் கட்டடத்திலே அவர்கள் தங்கிப் படித்தனர். மூலையிலே முடங்க வேண்டியவர்கள் ஆசிரியைகளாக வெளிவந்தனர். பூம்பாவையை எழுப்பிய பாட்டை நாம் கேட்டதில்லை. பாடப் புத்தகம் எழுப்பிய பூம்பாவையர் வாழ்ந்த கட்டடமோ இன்றும் மெரினாவிலே நிற்கிறது.

மூன்றாவது குழந்தை முத்துலட்சுமி. புதுக்கோட்டையில் பிறந்தவர். தந்தை கல்லூரித் தலைவர். தாய் தேவதாசிக் குலம் என்று சமூகம் ஒதுக்கி வைத்த குலத்தினர். பருவம் எய்தியதும் பள்ளி நின்றது. வீட்டிலிருந்தே படித்துத் தனித் தேர்வராக மெட்ரிகுலேஷன் தேறினார். மகாராசா கல்லூரியிலே இடம் கேட்டபோது, பெண் என்றும், இன்ன குலத்தாள் என்றும், இவள் வந்தால் எங்கள் பிள்ளைகள் கெட்டுவிடுவர் என்றும் கூக்குரல் எழுந்தது. மன்னர் ஆணையிட்ட பின்னரே கதவு திறந்தது. 1907-இல் சென்னை மருத்துவக் கல்லூரி. 1912-இல் மருத்துவப் பட்டம். 1927-இல் சென்னைச் சட்டமன்றத்திலே முதல் பெண் உறுப்பினர். அவர் தொடங்கிய அவ்வை இல்லமும், 1954-இல் அவர் முயற்சியால் எழுந்த புற்றுநோய் மருத்துவமனையும் அடையாற்றிலே இன்றும் நடைபெறுகின்றன. எந்தக் குலத்துப் பெண் கல்லூரிக்கு வரலாகாது என்றார்களோ, அந்தப் பெண் எழுப்பிய மருத்துவமனையிலே இன்று எல்லாக் குலத்தாரும் உயிர்ப் பிச்சை கேட்டு வரிசையில் நிற்கின்றனர்!

நான்காவது குழந்தை இராமானுசன். 11 வயதிலேயே, தம் வீட்டில் குடியிருந்த கல்லூரி மாணவர் இருவருக்குத் தெரிந்த கணிதம் முழுவதையும் கேட்டுத் தீர்த்துவிட்டான் என்பது வரலாறு. மேதை என்ற சொல்லுக்கு இவனே இலக்கணம். ஆயினும் பல்கலைக்கழகம் என்ன செய்தது? 1904-இல் கும்பகோணம் கல்லூரியிலே உதவித்தொகையோடு சேர்ந்தான். கணிதத்தைத் தவிர மற்றப் பாடங்களில் தவறவே, உதவித்தொகை பறிபோயிற்று. 1906-இல் சென்னை பச்சையப்பன் கல்லூரிக்கு வந்தான், எஃப்.ஏ. தேர்வில் மீண்டும் தோல்வி. பட்டம் இல்லை, வேலை இல்லை, சில நாள் உணவும் இல்லை. 1912-இல் சென்னைத் துறைமுகக் கழகத்திலே திங்கள் 30 ரூபாய்க்குக் கணக்கர் வேலை. 1913-இல் கேம்பிரிட்சுப் பேராசிரியர் ஆர்டிக்குக் கடிதம் எழுதிய பின்னரே, சென்னைப் பல்கலைக்கழகம் திங்கள் 75 ரூபாய் ஆய்வு உதவி தந்தது. 1918-இல் இலண்டன் ராயல் கழகத்தின் உறுப்பினர். 1920-இல், 32 வயதில், சென்னையிலே மரணம்.

நாமகிரித் தாயார் கனவிலே வந்து கணிதம் எழுதிக் கொடுத்தாள் என்று இன்றும் சொல்கின்றனர். இராமானுசனே அவ்வாறு நம்பினார். அது அவர் நம்பிக்கை. நாம் கேட்பது இது: அந்தக் கனவுக்கு முன்னே அவர் கைக்கு ஒரு நூல் வந்ததே, அதை ஏன் மறைக்கிறீர்? கார் என்ற ஆங்கிலேயர் எழுதிய, ஆயிரக்கணக்கான தேற்றங்கள் அடங்கிய கணிதத் தொகுப்பு, அவருடைய 16-ஆம் வயதளவில் இரவலாகக் கிடைத்தது. அதை வைத்துக்கொண்டு சிலேட்டிலே எழுதி எழுதி, முழங்கையால் அழித்து அழித்து உழைத்தார். நாமகிரி தந்தாள் என்பீரானால், எஃப்.ஏ. தேர்விலே அவள் ஏன் கைவிட்டாள்? 32 வயதில் உயிர் போனபோது எங்கே போனாள்? அந்த உழைப்பாளியின் பெருமையைப் பறித்துத் தெய்வத்தின் காலடியிலே வைப்பது பக்தியாக இருக்கலாம்; நியாயமாகாது.

சந்திர விலாசத்தின் படிக்கட்டு

இராமனின் அண்ணன் மகன் சந்திரசேகர். 1910-இல் பிறந்தவர்; 1983-இல் அவரும் நோபல் பரிசு பெற்றார். சிற்றப்பனுக்கும் நோபல், மகனுக்கும் நோபல்! "பார்த்தீரா, இது ரத்தம்தானே?" என்று நண்பர்கள் துள்ளி எழுவர். பொறுங்கள். அந்த வீட்டுக்குள் நுழைந்து பார்ப்போம்.

மயிலாப்பூரில், அந்நாளில் எட்வர்டு எலியட்ஸ் சாலை என்றும் இந்நாளில் டாக்டர் இராதாகிருஷ்ணன் சாலை என்றும் வழங்கும் தெருவிலே இருந்தது "சந்திர விலாஸ்" இல்லம். தந்தை அரசாங்கத்தின் உயர் அலுவலர். 12 வயது வரை பிள்ளை பள்ளிக்கே செல்லவில்லை. தாயும் தந்தையும் கற்பித்தனர், தனி ஆசிரியர்களும் வந்து கற்பித்தனர். 1922 முதல் 1925 வரை திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளி. 1925-இல், 15 வயது நிரம்புமுன், மாநிலக் கல்லூரி. வீட்டு வாயிலிலிருந்து கல்லூரி வாயில் வரை படிக்கட்டு வரிசையாக இருந்தது; ஒரு படியும் உடைந்திருக்கவில்லை. ஏறியவர் திறமைசாலி; ஐயமில்லை. படிக்கட்டும் இருந்தது, அதிலும் ஐயமில்லை.

அந்த வீட்டிலே இன்னொரு செய்தியும் உண்டு. சந்திரசேகரின் தாயார் சீதாலட்சுமி, நார்வே நாட்டு நாடகாசிரியர் இப்சனின் "பொம்மை வீடு" நாடகத்தைத் தமிழிலே பெயர்த்தவர். மனைவியைப் பொம்மையாக வைத்திருக்கும் வீட்டின் கதவைத் திறந்துகொண்டு வெளியேறும் ஒருத்தியின் கதை அது! அத்தகைய நூலைத் தேர்ந்து மொழிபெயர்க்கும் ஆற்றல் பெற்ற தாய் வீட்டுக்குள்ளே இருந்தார். மைத்துனர் இராமனும் மகன் சந்திரசேகரும் மாநிலக் கல்லூரிக்குச் சென்றனர். ரத்தம்தான் காரணமென்றால், அந்த வீட்டுப் பெண்களின் உடலில் ஓடியது என்ன, தண்ணீரா?

ரத்தம் பேசுகிறதா?

இங்கேதான் பரம்பரைவாதம் தானே வெட்டிக்கொண்ட குழியில் விழுகிறது. 1914-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் பதிவு பெற்ற பட்டதாரிகள் 650 பேர். அவர்களுள் பிராமணர் 452 பேர். மக்கள்தொகையிலோ அவர்கள் நூற்றுக்கு மூவர் அளவினர். "அறிவு எங்கள் பிறப்புரிமை" என்று சிலர் பேசிய காலம் அது. அந்தப் பிறப்புரிமை அவர்தம் சொந்த வீட்டுப் பெண்மக்களுக்கு ஏன் வாய்க்கவில்லை? அதே தாய், அதே தந்தை, அதே குருதி. ஆண் பட்டதாரி, பெண் எழுத்தறியாதவள். 1901 கணக்கெடுப்பின்படி இந்தியப் பெண்களிலே ஆயிரத்துக்குப் பத்துப் பேருக்குக்கூட எழுத்தறிவு இல்லை. ரத்தம் ஆண் பிள்ளையிடம் பேசும், பெண் பிள்ளையிடம் ஊமையாகிவிடுமா?

ஆகவே, சுப்புலட்சுமியின் வாழ்வு ஒரு சமூகத்துக் கைம்பெண்களின் கண்ணீர்க் கதை மட்டுமன்று. பிறப்பால் அறிவு என்ற கோட்டையின் அடித்தளத்தையே பெயர்க்கும் கடப்பாரை! அக்கிரகாரத்துக்குள்ளேயே, கதவு திறந்த இடத்தில் மேதை வந்தார். கதவு அடைத்த இடத்தில் மேதை மறைந்தார். அக்கிரகாரத்துக்கு வெளியே மட்டும் வேறு விதியா இருக்கும்? அங்கே பெரும்பாலான இடங்களில் கதவே வைக்கப்படவில்லை. அவ்வளவே வேறுபாடு.

பெயரில்லாத ஐந்தாவது குழந்தை

நால்வரைச் சொன்னோம். ஐந்தாவதாக ஒரு குழந்தை உண்டு. அதன் பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. சேரியில் பிறந்த குழந்தை அது. 1894-இல் ஓல்காட் என்ற அமெரிக்கர் அடையாற்றுப் பகுதியிலே பஞ்சமர் பிள்ளைகளுக்கென்று இலவசப் பள்ளி தொடங்கினார். நற்பணி, நன்றியோடு நினைக்கிறோம். ஆனால் எண்ணிப் பாருங்கள்: ஆயிரமாயிரம் ஆண்டுப் பெருமை பேசும் மண்ணிலே, அந்தப் பிள்ளைகளுக்கு அரிச்சுவடி சொல்லித்தர அமெரிக்காவிலிருந்து ஒருவர் வர வேண்டியிருந்தது. மாநிலக் கல்லூரிப் படியில் 14 வயது இளைஞர் ஏறிய காலத்திலே, சில கல் தொலைவிலிருந்த குப்பத்துப் பிள்ளை சிலேட்டு என்ற பொருளைக் கண்ணால் கண்டதில்லை. அந்தப் பிள்ளையின் மூளையில் எந்த இராமானுசன் இருந்தான் என்பதை இனி எவர் அறிவார்?

கதவு மட்டும் போதாது; வயிறும் நிறைய வேண்டும். இதை உணர்ந்தவர் பிட்டி தியாகராயர். அவர் பெயரால் தான் தியாகராய நகர் வழங்குகிறது. பட்டுப் புடவைக்கும் நகைக்கும் அங்கே அலைமோதும் கூட்டத்திலே எத்தனை பேர் இதை அறிவர்? 1920-இல், அவர் தலைமையிலிருந்த சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியிலே பிள்ளைகளுக்கு உணவளிக்க முடிவு செய்தது. தலைக்கு ஓரணாவுக்கு மிகாத செலவு. ஞானப்பால் அல்ல அது; வெறும் சோறு. ஆனால் அந்தச் சோறு எத்தனை பிள்ளைகளைச் சிலேட்டின் முன்னே உட்கார வைத்தது! 1956-இல் காமராசர் மதிய உணவை மாநிலமெங்கும் விரித்தார். 1982-இல் அது சத்துணவாயிற்று. 2022-இல் காலை உணவும் வந்தது. ஞானக் குழந்தைகள் பெருக வழி வேண்டுமா? இதுவே வழி.

எதிர்த்திசையில் வண்டியை ஓட்டப் பார்த்ததும் உண்டு. 1953-இல் இராசாசி ஆட்சி கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டத்தை நினைவிருக்கிறதா? நாளுக்கு மூன்று மணி நேரம் பள்ளி. எஞ்சிய நேரம் அப்பன் தொழிலைப் பழகு என்றது அத்திட்டம். வண்ணான் மகன் வெளுக்க, குயவன் மகன் வனைய, வழக்குரைஞர் மகன் மட்டும் வழக்குரைஞர் வீட்டு நூலகத்தில்! குலக்கல்வி என்று நாடு கொதித்தெழுந்தது. 1954-இல் இராசாசி பதவி விலகினார்; திட்டமும் ஒழிந்தது. அது நிலைத்திருந்தால், ஒரு சாரார் வீட்டுப் பிள்ளை 11 வயதில் மெட்ரிகுலேஷன் எழுதும், மற்றவர் வீட்டுப் பிள்ளை 11 வயதில் சக்கரம் சுற்றும். பிறகு அதே கூட்டம், "பார்த்தாயா, உனக்குத் திறமையில்லை" என்றும் சொல்லும்.

காட்சிப் பொருளாகும் பிள்ளை

கதவு திறந்த பிள்ளைக்காவது நன்மை செய்கிறார்களா? அதுவும் இல்லை. வரம் என்று நம்புகிறவன் பிள்ளையை வளர்ப்பதில்லை, காட்டுகிறான்.

அமெரிக்காவிலே வில்லியம் சேம்சு சைடிசு என்றொரு சிறுவன். 1909-இல், 11 வயதில், ஆர்வர்டு பல்கலைக்கழகம் புகுந்தான். மறு ஆண்டே நாற்பரிமாண உருவங்களைப் பற்றிப் பேராசிரியர்கள் முன்னே சொற்பொழிவாற்றினான். ஏடுகள் கொண்டாடின, தந்தை மார் தட்டினார். பிறகு? கூட்டத்தைக் கண்டு அஞ்சி ஒதுங்கினான். எளிய எழுத்தர் வேலைகளில் மறைந்து வாழ்ந்தான். 1937-இல் ஒரு பத்திரிகை அவனைத் தேடிப் பிடித்து எள்ளி நகையாடியது. வழக்குத் தொடுத்தும் தோற்றான். 1944-இல், 46 வயதில், தனியனாக இறந்தான்.

அதே நாட்டிலே நார்பர்ட் வீனர். அவரும் 11 வயதிலேயே கல்லூரி புகுந்தார். 18 வயதில் ஆர்வர்டிலே முனைவர் பட்டம். பின்னாளில் பெருங்கணித மேதையானார். அவர் தந்தையோ, "என் மகன் சாதாரணப் பிள்ளைதான், எல்லாம் என் பயிற்சி" என்று ஊரறியச் சொன்னார். வென்றால் தந்தைக்குப் பெருமை, தோற்றால் தனக்குச் சிறுமை என்று அந்தப் பிள்ளை உள்ளம் நொந்தது. 1953-இல் வெளிவந்த தன் வரலாற்றிலே அந்தத் துயரைப் பதிவு செய்தார். பிள்ளையின் உழைப்பைத் தெய்வத்துக்குக் காணிக்கையாக்குவது ஒரு கொள்ளை என்றால், தந்தையின் கணக்கிலே வரவு வைப்பது இன்னொரு கொள்ளை.

வேலூரில் 1977-இல் பிறந்து, குழந்தைப் பருவத்திலேயே அமெரிக்கா சென்ற பாலமுரளி அம்பாட்டி 13 வயதில் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றார். 1995-இல், 17 வயதில் மருத்துவரானார். நம் நாட்டிலே இன்று மருத்துவப் படிப்பில் சேரவே, சேரும் ஆண்டின் முடிவுக்குள் 17 வயது ஆக வேண்டும் என்பது விதி. விரைந்து ஓடியவர் உண்டு; இடறி விழுந்தவரும் உண்டு. ஆகவே வேகத்தை வைத்து அறிவை அளக்காதீர்.

ஆனால் இன்றைய சென்னையிலே வேகம் ஒரு வாணிபம். பேசத் தொடங்கிய பிள்ளையிடம் நாடுகளின் தலைநகரங்களை ஒப்பிக்கச் சொல்லிப் படம் பிடிக்கின்றனர். "சாதனை"ச் சான்றிதழ் விலைக்கு வருகிறது. ஆறாம் வகுப்பிலேயே ஐ.ஐ.டி. நுழைவுத் தேர்வுக்குப் பயிற்சி. விடியலில் ஒரு வகுப்பு, அந்தியில் ஒரு வகுப்பு. அடையாற்றை அடுத்த ஐ.ஐ.டி. வளாகத்திலே மான்கள் துள்ளித் திரிகின்றன. அதற்குள் நுழையத் துடிக்கும் நம் பிள்ளைகளுக்கோ துள்ள நேரமில்லை. கேள்வி கேட்கும் பருவத்திலே விடையை மனப்பாடம் செய்விக்கிறோம். வேதம் ஓதுவித்த அதே முறை. ஓதப்படும் பொருள் மட்டும் வேறு. "ஏன்?" என்று ஒருமுறை கேட்கும் பிள்ளை, எண்பது தலைநகரங்களை ஒப்பிக்கும் பிள்ளையைவிட அறிவுக்கு அண்மையில் நிற்கிறது.

நாம் வேண்டுவது

"எல்லாரும் ஒரே அளவு அறிவுடையவர் என்கிறீரோ?" என்று கேட்பர். இல்லை. பிள்ளைக்குப் பிள்ளை வேறுபாடு உண்டு. ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகளிடையேயும் உண்டு. இராமானுசனை எவரும் பயிற்சி வகுப்பிலே வார்த்தெடுத்துவிட முடியாது. ஆனால் அந்த வேறுபாடு சாதி பார்த்துப் பிறப்பதில்லை. ஆண் பெண் பார்த்துப் பிறப்பதில்லை. மயிலைத் தெருவுக்கு ஒன்று, குப்பத்துக்கு ஒன்று என்று பங்கிட்டுப் பிறப்பதில்லை. எங்கே பிறந்திருக்கிறது என்று தெரிய வேண்டுமானால் எல்லாக் கதவையும் திறந்தாக வேண்டும். பாதிக் கதவை அடைத்து வைத்துக்கொண்டு, "எங்கள் தெருவில்தான் மேதை பிறக்கிறான்" என்று பேசுவது, விளக்கை ஒரு வீட்டில் மட்டும் ஏற்றிவிட்டு, ஊரெல்லாம் குருடர் என்று பழிப்பதற்கு ஒப்பாகும்.

கதவுகள் எல்லாம் திறந்துவிட்டன என்று எண்ணி உறங்காதீர். 2011 கணக்கெடுப்பிலே தமிழ்நாட்டு ஆண்களில் நூற்றுக்கு 87 பேர் எழுத்தறிந்தவர். பெண்களில் 73 பேர். அந்த இடைவெளிக்குள்ளே எத்தனை சுப்புலட்சுமிகள் புதைந்து கிடக்கின்றனர்!

தோழர்களே, இளைஞர்களே! அடுத்த முறை பால மேதையின் படம் ஏட்டிலே வரும்போது, அந்தப் பிள்ளையை மனமார வாழ்த்துங்கள். வாழ்த்திவிட்டுக் கேளுங்கள்: அந்த வீட்டிலே எத்தனை நூல்கள் இருந்தன? கற்றுக்கொடுத்தவர் யார்? அக்காவும் தங்கையும் எந்த வகுப்பிலே நிற்கின்றனர்? அந்த வீட்டிலே பாத்திரம் துலக்கும் பெண்ணின் மகள் எந்தப் பள்ளியிலே படிக்கிறாள்? கேட்டுவிட்டு நிற்காதீர். உங்கள் தெருவிலே மாலை நேரப் பாட வகுப்பு ஒன்று நடத்துங்கள். படிப்பகம் ஒன்று திறவுங்கள். இரவல் நூல் ஒன்று கொடுங்கள். இரவல் நூல் ஒன்றுதான் இராமானுசனை ஆக்கியது என்பதை மறவாதீர். படிப்பை நிறுத்தித் திருமணம் பேசப்படும் சிறுமி இருந்தால், பெற்றோரிடம் சென்று வாதாடுங்கள். வாதம் தோற்றால் சட்டம் இருக்கிறது.

வானத்திலிருந்து வரும் கிண்ணத்தை எதிர்பார்த்து எந்தக் குழந்தையும் குளக்கரையிலே அழ வேண்டாம். சோறு, சிலேட்டு, நூல், ஆசிரியர், அஞ்சாமல் கேள்வி கேட்கும் உரிமை: இவை ஐந்தும் எல்லாருக்கும் கிடைக்கட்டும். அந்நாளில் 11 வயதுப் பட்டதாரி ஒருவனைக் கண்டு நாடு வியக்காது. 11 வயதில் பள்ளியை விட்டு நிற்கும் பிள்ளை ஒன்றைக் கண்டால், நாடு நாணும். அந்த நாணம் வரும் நாளே அறிவு நாள்!